குழம்பு இருக்கு தம்பி, கீழேயே இருக்கட்டும்
மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை என் அப்பாவைப் பக்கத்து மாவட்டத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாலாவது தடவையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புராஸ்டேட் என்ற சுரப்பி வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்டதால், அது வெளியேற ட்யூப் போட்டிருக்கிறது அவருக்கு. இந்த முறை காரணம், சிறுநீரில் கிருமி. "மாத்திரை சாப்பிட்டுட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, அப்புறம் ஆபரேஷன் தேதி பார்க்கலாம்" என்றார்கள். சொன்ன மருத்துவர் மேல் எனக்குக் குறையில்லை. கிருமியோடு ஆபரேஷன் செய்தால் அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே வினையாகும் என்று பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனால் ட்யூப் இருப்பதால் கிருமி வருகிறது. கிருமி இருப்பதால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லாததால் ட்யூப் இருக்கிறது. ஐந்து மாதமாக 68 வயதுக்காரர் ஒருவர் இந்தச் செக்கைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் யூராலஜி மருத்துவர், அதாவது சிறுநீர்ப் பாதைக்கான மருத்துவர், இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எத்தனை மனு வந்திருக்கும் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு யூராலஜி மருத்துவர் இங்கே வந்து உட்கார ஏற்பாடு செய்யுங்கள்.

ஐப்பசி மழையில் அப்பாவுக்குச் சளி பிடித்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரி ஒண்ணுக்கு வரவேயில்லை. மூக்கடைப்புக்குப் போடும் சில மாத்திரைகள் மூத்திரப்பையின் வாய்ப்பகுதித் தசையையும் இறுக்கிவிடுமாம். புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு அது போதுமாம், முழுசாக அடைத்துக்கொள்ள. யாருக்கு அது தெரியும்? ராத்திரி ஒன்றரை மணிக்கு உங்கள் மருத்துவமனையில்தான் ட்யூப் போட்டார்கள். 900 மில்லி வந்தது. அப்பா அழுதுவிட்டார், வலி போன நிம்மதியில். அந்தப் பணி மருத்துவருக்கும் செவிலியருக்கும் எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது. இதை எழுதாமல் குறையை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

மறுநாள் கையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள், மேல்சிகிச்சைக்கு. பக்கத்து மாவட்டத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம்.

அந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூரின் பையை அப்பா ஒரு மஞ்சப்பைக்குள் வைத்துக்கொள்வார். வேட்டி மடிப்புக்குள்ளிருந்து ட்யூப் அதற்குள் போகும். அந்தப் பை எப்போதும் மூத்திரப்பையைவிடக் கீழேயே இருக்க வேண்டும், மேலே தூக்கினால் உள்ளே இருப்பது திரும்பி ஓடும் என்று செவிலியர் சொல்லியிருந்தார். அதனால் காலடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். மூன்றாவது தடவை போகும்போது பஸ்ஸில் நெரிசல். கண்டக்டர், "பெரியவரே, பையை மேல வைங்க, ஆள் நடக்க வேணாமா?" என்று சத்தம் போட்டார். நின்றுகொண்டிருந்த காலேஜ் பையன் ஒருவன், நல்ல பிள்ளை, உதவி செய்வதாக நினைத்துப் பையை எடுத்துத் தூக்கினான். ட்யூப் இழுபட்டது. அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னார்: "குழம்பு இருக்கு தம்பி, மேல வெச்சா கொட்டிடும். கீழேயே இருக்கட்டும்."

அந்த வார்த்தையை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அதன்பின் இரண்டு நாள் பையில் ரத்தம் வந்தது. அது நின்றுவிட்டது. குழம்பு என்று சொல்ல வேண்டி வந்தது அப்பாவை இன்னும் விடவில்லை. இப்போதெல்லாம் பை கனக்கக் கூடாதென்று முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. அங்கே போனால் "நிறையத் தண்ணி குடிங்க, இல்லன்னா கிருமி சேரும்" என்கிறார்கள். சரி என்று தலையாட்டுவார்.

நான் தையல் கடையில் வேலை செய்பவள். மருத்துவம் படிக்கவில்லை. இந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயதானால் புராஸ்டேட் வீங்குவது நரை விழுவது மாதிரி. அறுபதைத் தொடும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்கும். எல்லாருக்கும் தொல்லை தராது. சாதாரணமாக 20, 25 கிராம் இருக்கும் சுரப்பி, அப்பாவுக்கு ஸ்கேனில் 74 கிராம். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை. இந்த ஒரு வரியை யாரும் சொல்லாததால் எங்கள் வீட்டில் மூன்று வாரம் அடுப்பு சரியாக எரியவில்லை. டாம்சுலோசின் மாதிரி மாத்திரை வழியைத் தளர்த்தும், சில நாளில் பலன் தெரியும். எழுந்து நின்றால் தலை சுற்றலாம். ஃபினாஸ்டரைடு சுரப்பியையே சுருக்கும், ஆனால் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இவை போதாதபோதுதான் ஆபரேஷன். அதிலும் பெரும்பாலும் வயிற்றைக் கிழிப்பதில்லை, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் செதுக்கி எடுக்கிறார்கள். லேசரிலும் செய்கிறார்கள்.

எனக்கு ஆறாத இடம் வேறு. திடீர் நீரடைப்புக்கு ட்யூப் போட்டால், டாம்சுலோசின் போன்றதைத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் ட்யூபை எடுத்துவிட்டுத் தானாகப் போகிறதா என்று பார்ப்பது எங்கும் உள்ள வழக்கமாம். பலருக்குப் போய்விடுமாம். கடன் வாங்கி ஒரு தனியார் மருத்துவரைப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. "இத்தனை நாள் ஏன் யாரும் எடுத்துப் பார்க்கலை?" என்று என்னைக் கேட்டார். என்னை! அவர் எடுத்துப் பார்த்தது நாலாவது மாதம். போகவில்லை. இழுத்து இழுத்து விட்ட ரப்பர் மாதிரி மூத்திரப்பை தளர்ந்திருக்கலாம் என்று மறுபடியும் ட்யூப் போட்டு அனுப்பினார். முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு யூராலஜி மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் இங்கே இருந்திருந்தால் போதும்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். இரண்டாவது வாரம் உங்கள் மருத்துவமனைக்கு வந்து "கிட்னி டாக்டர் எங்கே?" என்று கேட்டோம். டயாலிசிஸ் பிரிவுக்குக் கைகாட்டினார்கள். அங்கே ஒரு மணி நேரம் நின்ற பிறகுதான், அவர் சிறுநீரகத்துக்கு, நாங்கள் தேடுவது சிறுநீர்ப் பாதைக்கு என்று தெரிந்தது. தமிழில் இரண்டு பேரும் கிட்னி டாக்டர்தான். பலகையிலாவது பிரித்து எழுதலாம். எழுத ஆள் வேண்டுமே முதலில்.

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். டீக்கடையில் பேப்பரைப் பார்த்து எங்கள் மாவட்டத்துப் பெயரைத் தேடினோம். இல்லை. போகட்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வருகிறது. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாசலிலேயே கிடைக்கிறது, நன்றி. அதே வாசலிலிருந்து அப்பா மருத்துவரைத் தேடி முதல் பஸ் பிடிக்கப் போகிறார். அதே ஆண்டு டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு ஆரம்பித்தது. அதை எங்கள் வீட்டில்தான் மனதாரக் கடைப்பிடிக்கிறோம். காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆனால் பஸ் டிக்கெட்டுக்கோ, கூடப் போக நான் இழக்கும் சம்பளத்துக்கோ அது ஆகாது.

அப்பாவையாவது பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போகிறேன். இருமினாலும் தும்மினாலும் கசிகிறது என்று அம்மா இருபது வருடமாகத் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கே போன மாதம்தான் தெரியும். இடுப்படித் தசையைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியைத் தினமும் செய்தாலே பலருக்குக் குறையும் என்று அந்தத் தனியார் மருத்துவரிடம் இருந்த செவிலியர் சொல்லிக்கொடுத்தார். இருபது வருடம்! பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருப்பதால் தண்ணீரே குடிக்காமல் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அது உங்கள் துறையும் இல்லை.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

ஆபரேஷன் இங்கேயே நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அது பெரிய இடத்திலேயே நடக்கட்டும். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதுதான் எங்களைக் கொல்கிறது: ட்யூப் மாற்ற, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவைக் காட்ட, ஒரு கையெழுத்துக்கு. ஸ்கேன் இங்கே இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது. ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், முக்கிப் போகிறீர்களா என்பது மாதிரி ஏழு கேள்வி, 35 மதிப்பெண். அந்த ஒரு தாளை வைத்தே யாருக்கு மாத்திரை போதும், யாரை மேலே பார்க்க வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடுமாம். அதைக் கேட்கவும், ட்யூபை எடுத்துப் பார்க்கச் சொல்லவும் ஒருவர் வேண்டும். மருத்துவக் கல்லூரியிலிருந்து சுழற்சி முறையில் ஒருவரை, வாரத்தில் ஒரு நாள் அனுப்ப அய்யா அவர்கள் மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே எழுதியிருந்தால், எழுதிய தேதியையாவது மருத்துவமனைப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்த செவ்வாய் விட்டு அதற்கடுத்த செவ்வாய் அப்பா மறுபடி போக வேண்டும். முதல் பஸ் விடியற்காலை 4.40-க்கு.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்