சோக்கை எடுத்தால் நிற்கிற வண்டி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வட்ஸப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் பாதியைத்தான் படிப்பாய் என்று அம்மா சொல்கிறா. அதனால் ஒரே கடிதமாக எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து படி.

முதலில், எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றரைப் புதிதாக வாங்கிப் போடு என்று சொன்ன ஆளின் பேச்சை விடு. மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி ஓட்டுகிற உன் நாலு சில்லு வண்டி பழைய ஹோண்டா 300. 2000ஆம் ஆண்டோடு அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள், ஆனால் அந்தக் காபரேற்றர் லேசில் சாகாது. குளிர்ந்த எஞ்சினைப் பிடிக்க வைக்கிற சோக்கைப் போட்டால் ஸ்ராட் ஆகிறது, எடுத்ததும் நின்றுவிடுகிறது என்று சொன்னாயே, எனக்கு அதுவே போதும். வண்டி ஐடிலில், அதாவது முறுக்காமல் சும்மா ஓடிக்கொண்டு நிற்கும்போது பெற்றோல் வருவதற்கு பைலற் ஜெற் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டுதான் வழி. அதன் துவாரம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அது அடைபட்டுவிட்டது. சோக் போட்டால் காற்றைக் குறைத்தோ பெற்றோலைக் கூட்டியோ எப்படியோ சமாளித்து ஓடும், எடுத்தால் படுத்துவிடும்.

கனடாவின் சட்பரிக் குளிரில் பழுதாகிவிட்டது என்று நீ திட்டினாய். பாவம், குளிர் ஒன்றும் செய்யவில்லை. கார்த்திகையில் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டு சித்திரை முடிய எடுத்தாய், ஆறு மாதம் சும்மா நின்றதுதான் காரணம். காபரேற்றருக்கு அடியில் இருக்கிற கிண்ணத்தில் நிற்பது நாலைந்து கரண்டிப் பெற்றோல். அதில் லேசானது முதலில் ஆவியாகிப் போகும், மிச்சம் பலாப்பழம் வெட்டின கத்தியில் காய்கிற பால் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இப்போது பம்பில் அடிக்கிற சாதாரணப் பெற்றோலில் 10 சதவீதம் அளவுக்கு எதனோல் வேறு கலந்திருக்கிறது. எதனோல் ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் தண்ணீர் பிரிந்து அடியில் போய் இருக்கும். கிண்ணத்தைக் கழற்றும்போது அலுமினியத்தில் வெள்ளையாக மா பூத்த மாதிரி கண்டால் அது அந்தத் தண்ணீரின் வேலை.

இனி வேலைக்கு வருவோம். ஷெட் கதவைத் திற, அந்தப் புரொப்பேன் ஹீற்றரை நிறுத்து, கண்ணாடி போடு. இதில் மட்டும் வாய் காட்டாதே. பெற்றோல் ஆவிக்குச் சின்னப் பொறி காணும், காபரேற்றர் கிளீனர் கண்ணில் பட்டால் உயிர் போகிற எரிவு. பெற்றோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருக்கிற வடிகால் திருகாணியைத் தளர்த்தி ஒரு ஜாம் போத்தலில் பிடி. வெளிச்சத்துக்குக் காட்டிப் பார், அடியில் கண்ணாடி மாதிரி வேறொரு படை தெரிந்தால் தண்ணீர். முகர்ந்தும் பார், பழுதான பெற்றோல் பெயின்ற் கடை மாதிரி மணக்கும். அப்படியென்றால் பெற்றோல் ராங்கில் உள்ளதையும் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுவின காபரேற்றருக்குள் அதே ஊத்தையைத்தான் விடுவாய். எடுத்ததை நிலத்தில் ஊற்றாதே. ஏரிக்கரையில் இருக்கிறாய், ஆபத்தான கழிவு எடுக்கிற டிப்போவில் கொடு.

ஜாம் போத்தல் என்று எழுதவும் வேறு ஞாபகம் வருகிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை, கரன்ற் இல்லை. பஞ்சுத் திரி போட்ட ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம், அதே மண்ணெண்ணெய்தான் மோட்டார் சைக்கிளுக்கும். மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் பிடிக்காது. ஆகவே சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைக் கொஞ்சமாகக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பது, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. சேலைன் ஏற்றுகிற ரியூப்பெல்லாம் அதற்கு உதவியது. ஒழுங்கை முழுக்கப் புகை. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் காபரேற்றரைக் கழற்றாவிட்டால் வண்டி நகராது. என்னிடம் இருந்தது ஒரு எம்டி 90 மோட்டார் சைக்கிள். ஒருநாள் ஜெற் அடைத்துக்கொண்டது, நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி தையல் ஊசியால் குத்தி எடுத்தேன். உடனே ஓடியது, எனக்குத் தலைகால் தெரியாத புளுகம். ஆனால் துவாரம் பெருத்துவிட்டது. அதற்குப் பிறகு அது மண்ணெண்ணெயைக் குடித்தது, கறுப்பாகக் கக்கியது, பிளக் கரிபிடித்து வழியில் நின்றது. வீட்டில் விளக்குக்கே அளந்து ஊற்றிக்கொண்டிருந்த காலம் அது. மாற்று ஜெற்றுக்கு எங்கே போவது? ஆறேழு மாதம் அந்தப் புகையோடேயே ஓடினேன்.

ஆகவே ஊசி, கம்பி, துளை போடுகிற சாமான் எதுவும் ஜெற்றுக்குக் கிட்ட வரக்கூடாது. கிளீனரில் ஊறவிட்டு, இரண்டு பக்கமும் காற்று அடி. அப்படியும் அசையாவிட்டால் பழைய வயரை உரித்து உள்ளே இருக்கிற செப்பு இழையில் ஒன்றே ஒன்றை எடுத்து மெதுவாக விடு, செப்பு பித்தளையை லேசில் அராவாது. பிறகு ஜெற்றைக் கண்ணருகே பிடித்து வானத்தைப் பார். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும், பிறை மாதிரித் தெரிந்தால் இன்னும் இருக்கிறது.

கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடு. அதில் இருக்கிற திருகாணிகள் நட்சத்திரத் தலை மாதிரித்தான் தெரியும், ஆனால் ஜப்பான்காரரின் அளவு வேறு. இங்கே கடையில் விற்கிற பிலிப்ஸ் திருகியைப் போட்டால் வழுக்கி வழுக்கித் தலையைச் சப்பிவிடும், பிறகு அழவேண்டியதுதான். சதுரத் தலைத் திருகாணியை இந்த நாட்டுக்கே பழக்கின றொபேட்சன் இதே ஒன்ராறியோவில் மில்ரனில்தான் தொழிற்சாலை வைத்திருந்தார், ஜப்பான்காரர் அதைப் பார்த்துப் போட்டிருந்தால் எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஜப்பான் அளவுக்குச் செய்த என்னுடைய ஜேஐஎஸ் திருகியைத் தபாலில் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வரும். அதுவரை கிண்ணத்தைப் பிடித்திருக்கிற திருகாணிகளைத் தொடாதே.

கிண்ணத்தைக் கழற்றினால் மிதவை தெரியும். அது தொங்குகிற குறுக்கு ஊசியைத் தள்ளும்போது, அந்த ஊசியைப் பிடித்திருக்கிற காலை நெரித்துவிடாதே, உடைந்தால் காபரேற்றர் முழுக்கப் போச்சு. மிதவையோடு தொங்கி, பெற்றோல் வருகிற வழியை மூடுகிற முள்ளின் நுனியை நகத்தால் தடவிப் பார். வளையம் விழுந்திருந்தால் மூடாமல் பெற்றோல் வழிந்துகொண்டே இருக்கும், அது எஞ்சினுக்குள்ளும் இறங்கும். எதற்கும் எஞ்சின் எண்ணெய் அளக்கிற கோலை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு ஸ்ராட் பண்ணு. எண்ணெயில் பெற்றோல் மணம் இருந்தால் எண்ணெயை மாற்றாமல் ஓடாதே. முறுக்கி ஓடும்போது பெற்றோல் கொடுக்கிற மெயின் ஜெற் பெரியது, அதில் பிரச்சினை குறைவு. பைலற் ஜெற் பக்கத்தில் ஒரு கிணற்றுக்குள் ஒளிந்திருக்கும், வெட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற தட்டைத் திருகியால் மட்டும் கழற்று.

இன்னொன்று. ஐடில் கலவைக்கென்று சுருள்வில்லோடு ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அதைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே முறுக்கி, எத்தனை சுற்றில் போய் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவை. முட்டினதும் நிறுத்து, இறுக்காதே. பிறகு வெளியே எடுக்கும்போது வில், வாஷர், கடுகு மாதிரி ஒரு ஓ ரிங் மூன்றும் வரவேண்டும். ஓ ரிங் வராது! துவாரத்துக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும், நீ இல்லையென்று நினைத்துக் கிளீனர் அடிப்பாய், அது ஊதிப் பழுதாகிவிடும். ரப்பர் சாமான் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளீனர்.

காற்றுப் பெட்டியையும் திறந்து பார். எலி கூடு கட்டியிருக்கும், உன் கார் இருக்கைப் பஞ்சில் பாதி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் செய்ய வேண்டியதை அப்போது ஞாபகப்படுத்துகிறேன். ராங்கை நிரப்பி, பெற்றோல் பழுதாகாமல் வைக்கிற ஸ்ரெபிலைசர் விட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயை மூடி, அந்த அடித் திருகாணியால் கிண்ணத்தை வடித்துவிட்டால் அவ்வளவும்தான், கால் மணித்தியால வேலை.

நானே வந்து செய்வேன். 400 கிலோமீற்றர் ஒரு தூரமில்லை, அம்மாதான் கண் ஒப்பரேஷன் முடிந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை என்று கார்த் திறப்பை ஒளித்து வைத்திருக்கிறா. பைலற் ஜெற்றுக்குள்ளால் வானத்தைப் பார்க்க இப்போதைக்கு உன் கண்தான் சரி. கடிக்கிற கறுப்பு இலையான் கிளம்புவதற்கு முன் முடித்துவிடு, பிறகு வெளியே நின்று திருகாணி பிடிக்க விடாது.

அந்தக் கலவைத் திருகாணி எத்தனை சுற்று என்று எண்ணினதும் எனக்கும் அனுப்பு. உன் பேப்பர் எண்ணெயில் நனைந்து போகும், நான் இங்கே கலண்டரில் எழுதிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா