அந்தப் படிவத்தில் நீ போடும் டிக் எங்கே போகிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். கைத்தடி பிடித்து நடக்கிறார், பேச்சும் பெரும்பாலும் திரும்பிவிட்டது. அந்த அலைச்சலில் உட்கார்ந்து எழுத நேரமே வாய்க்கவில்லை.

உன் கடிதத்தை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். காலையில் விரல்கள் மடங்க மறுப்பது, சட்டைப் பொத்தானுக்கு மகளைக் கூப்பிட வேண்டியிருப்பது, அவள் வெளியே போயிருந்தால் பொத்தான் இல்லாத சட்டையாகத் தேடிப் போட்டுக்கொள்வது என்று நீ எழுதியிருந்த இடத்தில் என்னாலும் சட்டென்று மேலே படிக்க முடியவில்லை. முடக்குவாதம் என்றால் மூட்டு வலி என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் ஐந்து கேள்விப் படிவம் ஒன்றைக் கொடுக்கிறார்கள், "இந்த ஐந்து டிக்கில் என் வலி எங்கே இருக்கிறது, இதை வைத்து யார் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். இந்த எண்களோடுதான் என் பிழைப்பே. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீ சொல்வதைப் பார்த்தால் அது ஈக்யூ-5டி என்ற படிவம். நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, அன்றாடக் காரியங்கள், வலி, மனக்கவலை, இவை ஐந்தும்தான் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள் என்றால் மொத்தம் 3,125 விதமான உடல்நிலைகள் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வேண்டும். அதற்காகப் பொதுமக்களிடம் போய் இப்படிக் கேட்கிறார்கள்: இந்த நிலையில் 10 வருஷம் வாழ்வது ஒரு பக்கம், முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைவான வருஷம் வாழ்வது இன்னொரு பக்கம். எத்தனை வருஷம் என்றால் இரண்டும் உங்களுக்குச் சமம்? ஒருவர் 7 என்றால் அந்த நிலைக்கு அவர் தந்த மதிப்பு 0.7. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. சில நிலைகளுக்கு மரணத்தைவிட மோசம் என்று பூஜ்யத்துக்குக் கீழேயும் மதிப்பு வருவதுண்டு. நீ போடும் டிக் எல்லாம் கடைசியில் இப்படி ஓர் எண்ணாகிறது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். சாவை எண்ணுவது சுலபம், அதற்குப் பதிவேடு இருக்கிறது. கொல்லாத நோய்க்கு அப்படி எந்தப் பதிவேடும் கிடையாது. அது கூடவே இருந்து 30, 40 வருஷம் ஒருவருடைய நாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். இறப்புக் கணக்கை மட்டும் வைத்துப் பணம் ஒதுக்கிய காலத்தில் முதுகுவலி, மனச்சோர்வு, காது கேளாமை, மூட்டு நோய் எல்லாம் பட்டியலிலேயே இல்லாத மாதிரிதான் இருந்தன.

அதை மாற்றியவர்கள் என்று கிறிஸ்டோபர் முர்ரே, ஆலன் லோபஸ் என்ற சுகாதார ஆய்வாளர்கள் இருவரையும் சொல்வார்கள். உலக வங்கியும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து செய்த உலக நோய்ச் சுமை ஆய்வு 1993இல் உலக வங்கி அறிக்கை வழியாக வெளியே வந்தது. அதில் டாலி என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். வாழ வேண்டிய வயதுக்கு முன்னால் இறந்ததால் போன வருஷங்கள் ஒரு பகுதி, நோயோடும் குறையோடும் வாழ்ந்ததால் தேய்ந்த வருஷங்கள் இன்னொரு பகுதி. இரண்டையும் கூட்டினால் ஒரு சமூகம் இழந்த ஆரோக்கிய ஆண்டுகள். 1990ஆம் ஆண்டுக்கு இப்படிக் கணக்குப் போட்டபோது, உலக அளவில் நோய்ச் சுமையில் மனச்சோர்வு நான்காவது இடத்துக்கு வந்தது. மனநோய்களால் நேரடியாக நேர்ந்த இறப்பு மொத்தத்தில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல், ஆனால் சுமையில் அவற்றின் பங்கு கிட்டத்தட்ட 11 சதவீதம். அமைச்சரகங்களில் மனநலம் பற்றிப் பேச இடம் கிடைக்க இந்த ஒற்றை எண் எவ்வளவு உதவியது என்பதை நான் பார்த்திருக்கிறேன். முதுகுவலியும் அப்படித்தான். குறையோடு வாழும் வருஷங்களில் உலகிலேயே முதலிடம் அதற்கு.

உன் நோயையே எடுத்துக்கொள். இந்த ஆய்வில் நடுத்தர முடக்குவாதத்துக்கு 0.317 என்று எடை கொடுத்திருக்கிறார்கள். இங்கே அளவுகோல் தலைகீழ், 0 என்றால் நல்ல ஆரோக்கியம், 1 என்றால் மரணத்துக்குச் சமம். பெரும்பாலான மூட்டுகளில் வலி, உருக்குலைவு, எழுந்து உட்கார, தூக்க, சுமக்கச் சிரமம், அடிக்கடி களைப்பு என்பது அந்த நிலையின் வர்ணனை. இந்த நிலையில் ஒருவர் 10 வருஷம் இருந்தால் 3 வருஷத்துக்குச் சற்று மேல் இழந்ததாகக் கணக்கு. கூடவே சர்க்கரை நோயும் இருந்தால் இரண்டு எடையையும் நேராகக் கூட்டமாட்டார்கள். முதல் நோய் போக மிச்சமிருக்கும் ஆரோக்கியத்திலிருந்துதான் அடுத்ததைக் கழிப்பார்கள். எத்தனை நோய் சேர்ந்தாலும் 1ஐத் தாண்டாமல் இருக்க அந்த ஏற்பாடு.

சரி, 0.317 என்று சொன்னது யார்? உன் கேள்வியின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் மருத்துவத் துறையினர் சிலரை ஜெனீவாவில் உட்கார வைத்துக் கேட்டார்கள். கேட்ட விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆரோக்கியமான 1,000 பேருக்கு ஒரு வருஷ ஆயுளைக் கூட்டலாம், அல்லது பார்வையற்ற இத்தனை பேருக்கு ஒரு வருஷம் கூட்டலாம், எத்தனை பேர் என்றால் இரண்டும் சமம் என்பது போன்ற கேள்விகள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் கொதித்ததில் ஆச்சரியமே இல்லை. ஓர் உயிரை இன்னோர் உயிரோடு நிறுத்துப் பார்ப்பது இது.

2010ஆம் ஆண்டுக்கான ஆய்வில் முறையை மாற்றினார்கள். பங்களாதேஷ், இந்தோனேசியா, பெரு, தான்சானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் இணையத்திலும் சேர்த்து 30 ஆயிரம் சாதாரண மனிதர்களிடம் கேட்டார்கள். இரண்டு பேரைப் பற்றிச் சின்னதாக வர்ணித்து, இவர்களில் யார் அதிக ஆரோக்கியமானவர் என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. இது எவ்வளவோ மேல். ஆனால் இதிலும் ஒன்று நடந்தது, இந்தத் துறைக்குள் வருகிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான். முழுச் செவிட்டுத்தன்மைக்கு அப்போது வந்த எடை 0.033. இடுப்புக்குக் கீழே உணர்விழந்து சக்கர நாற்காலியில் இருப்பவர், சிகிச்சையும் பெற்றவர் என்றால் 0.047. படித்தவர்கள் திகைத்துப் போனார்கள். பிறகு வர்ணனையைத் திருத்தி எழுதினார்கள். காது கேளாதவருக்குப் பேச்சிலும் தொலைபேசியிலும் உறவாட முடியாது, அதனால் கவலையும் தனிமையும் வருகிறது என்பதைச் சேர்த்து மறுபடி கேட்டார்கள். 2013 ஆய்வில் அது 0.215 ஆயிற்று. அந்தச் சக்கர நாற்காலிக்காரரின் தண்டுவடக் காயம் 0.296 ஆயிற்று. நோய் மாறவில்லை, நோயாளியும் மாறவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட இரண்டு மூன்று வரிதான் மாறியது, எண் ஆறு மடங்கு ஏறிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த எண்களில் நோயின் கனம் மட்டும் இல்லை. யாரிடம் கேட்டோம், என்ன சொல்லிக் கேட்டோம் என்பதும் கலந்தே இருக்கிறது.

வீட்டிலேயே இதைப் பார்த்தேன். அண்ணனிடம் ஒரு சுகாதாரப் பணியாளர் வந்து கேள்வி கேட்டார். வாழ்க்கை எப்படி இருக்கிறது என்றதற்கு அண்ணன் "நன்றாகவே இருக்கிறது, இடது கையால் எழுதப் பழகிவிட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணி இல்லை என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிவது வேறு. இரவில் புரண்டு படுக்க முடியாமல் அண்ணன் முனகுவது, சாப்பிடும்போது வாயோரம் வழிவதைப் பார்க்கவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. இருவர் சொன்னதும் உண்மை. நோயாளி சொல்வதைவிட உடனிருப்பவர் மதிப்பு குறைவாகவே சொல்வார் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான குறைகளோடு வாழ்பவர்களில் 54 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கைத்தரம் நன்றாகவோ மிக நன்றாகவோ இருக்கிறது என்றார்கள். வெளியிலிருந்து பார்க்கிற யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள்.

இதைச் சிலர் மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்று விளக்கி, அதனாலேயே நோயாளி சொல்லை நம்பக்கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. பழகிக்கொள்வதும் வாழ்வின் ஒரு பகுதிதானே? ஆனால் ஒருவர் பழகிக்கொண்டார் என்பதற்காக அவருடைய நோய்க்குச் செலவு செய்யவேண்டாம் என்று யாரும் வாதம் செய்யவும் இடம் கொடுக்கக்கூடாது. எந்த நோய்க்கு எவ்வளவு பணம், எத்தனை மருத்துவர், எங்கே மறுவாழ்வு மையம் என்று தீர்மானிக்க டாலி போன்ற அளவு வேண்டும், அவசியம் வேண்டும். இந்த மனிதருக்குச் சிகிச்சை தரலாமா கூடாதா என்று தீர்மானிக்க அதைத் தொடவே கூடாது.

இது வெறும் பயம் இல்லை. அமெரிக்காவின் ஒரெகான் மாநிலம், ஏழைகளுக்கான காப்பீட்டில் எந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவது என்று வரிசைப்படுத்த இப்படிப்பட்ட மதிப்பெண்களைப் பயன்படுத்தியது. குறையோடு வாழ்பவர்களின் வாழ்க்கையை மற்றவர்கள் குறைத்து மதிப்பிட்டதன்மேல் அந்த வரிசை நிற்கிறது என்று சொல்லி, மத்திய அரசு 1992இல் அதை ஏற்க மறுத்தது. ஏற்கெனவே நடக்க முடியாத ஒருவரை நிமோனியாவிலிருந்து காப்பாற்றினால் கிடைக்கும் ஆண்டுகளுக்கு மதிப்பு குறைவு என்று கணக்கு சொல்லும். அந்த இடத்தில் கணக்கை மூடி வைத்துவிட வேண்டும்.

இன்னொரு வகை அளவும் உண்டு, எனக்குப் பிடித்தது. 1971இல் டேனியல் சல்லிவன் காட்டிய வழி. ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேருக்கு உடல் குறை இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பங்கை ஆயுள் அட்டவணையிலிருந்து கழித்துவிட்டால், எதிர்பார்க்கும் ஆயுளில் எத்தனை வருஷம் நல்ல உடம்போடு என்று தெரியும். 2000இல் உலக மனிதரின் சராசரி ஆயுள் 67க்குப் பக்கம், 2019இல் 73. ஆரோக்கிய ஆயுள் 58லிருந்து 63ஐத் தாண்டியது. இரண்டுமே கூடியிருக்கின்றன, ஆனால் இடையிலுள்ள இடைவெளி குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் செய்திருக்கிறது.

அப்புறம் இந்த எண்களில் வராதவை. அண்ணிக்கு ராத்தூக்கம் போனது எந்தக் கணக்கிலும் இல்லை. உன் மகள் கல்லூரிக்குத் தாமதமாகக் கிளம்புவதும் இல்லை. வாசலில் சாய்தளம் இருக்கிற ஊரிலும் படிக்கட்டு மட்டும் இருக்கிற ஊரிலும் சக்கர நாற்காலிக்காரருக்கு ஒரே எடைதான். எல்லோருக்கும் ஒரே அளவு என்ற நியாயத்துக்காக வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். எனக்குக் காரணம் புரிகிறது, ஆனால் அந்தப் படிக்கட்டு செய்கிற கொடுமையை யார் எண்ணுவது?

உன் படிவத்துக்கு வருகிறேன். அது கேட்பது "இன்று" எப்படி என்று. முடக்குவாதமோ ஏறி இறங்குகிற நோய். நல்ல நாளில் மருத்துவமனைக்குப் போனால் எல்லாம் நன்று என்று பதிவாகிவிடும். டிக் உண்மையானதையே போடு, பரவாயில்லை என்று தோன்றினால் பரவாயில்லை. ஆனால் கடந்த வாரங்களில் மோசமான நாள் எப்போது, காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த வேலையை விட்டுவிட்டாய் என்பதை ஒரு தாளில் குறித்துப் போய் மருத்துவரிடம் கொடு. பொத்தான் விஷயத்தையும் எழுது. வெட்கப்படாதே.

புது மருந்து ஆரம்பித்ததாகச் சொன்னாயே, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. அண்ணன் உன்னை விசாரித்தார். தன் இடது கையால் உனக்கு நாலு வரி எழுத வேண்டுமாம், அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன்.

என்றும் உன்,
பழைய நண்பன்