நியூட்ரினோ நிறை: ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய அடிப்படைத் துகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 2015 நோபல் பரிசு அத்துகளின் நிறையை அளந்ததற்காகத் தரப்பட்டது என்கிறது. அந்தப் பரிசைப் பெற்ற கஜிதாவும் மெக்டொனால்டும் காட்டியது நிறை உண்டு என்பதை மட்டும்தான். ஒரு வகை நியூட்ரினோ இன்னொரு வகையாக மாறுவதைப் பார்க்கும் அலைவுச் சோதனைகளில், நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையிலான வேறுபாடே கிடைக்கும்; தனித்தனி நிறை கிடைக்காது. அண்ணன் தம்பிக்கு எத்தனை வருஷ வித்தியாசம் என்று தெரிந்தால் தம்பியின் வயது தெரிந்துவிடுமா?

எடை போடும் வேலை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில், காட்ரின் சோதனையில் நடக்கிறது. கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிட்டியம் சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் (நியூட்ரினோவின் எதிர்த்துகள்) சுமார் 18.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நியூட்ரினோவுக்கு நிறை இருப்பதால் எலக்ட்ரான் முழுவதையும் அள்ள முடியாது. ஒரு துளி குறையும். அந்தத் துளியைத் தேடத்தான் 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் விட்டமும் கொண்ட வெற்றிடக் கலம். ஜெர்மனியிலேயே டெக்கன்டார்ஃப் ஊரில் செய்த அந்த 200 டன் கலம் சாலைக்கு அடங்கவில்லை. டான்யூப், கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக், ரைன் என்று ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் சுற்றி 2006 நவம்பரில் வந்து சேர்ந்தது. கடைசியில் ஊர்த் தெருவில் வீட்டுக் கூரைகளை உரசாத குறையாக அது நகரும் படத்தை வகுப்பில் காட்டினால், "தேர் சார்!" என்பார்கள் பிள்ளைகள்.

2025இல் வெளியான காட்ரின் முடிவு: நியூட்ரினோ நிறை 0.45 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே (துகள்களின் நிறையையும் இந்த ஆற்றல் அலகிலேயே சொல்வது வழக்கம்). எலக்ட்ரான் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதுவும் மேல்வரம்புதான், அளந்த நிறை அல்ல. திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சி