சொந்தமாக ஒரு ஜேசன் பார்சர்: கூட இருந்தவர்களுக்கு நன்றி

நேற்று ராத்திரி என் பார்சரின் கடைசி டெஸ்ட்டும் பாஸ் ஆனது. ஜேசன் என்பது நிரல்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம், அதைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் நிரல்தான் பார்சர். உடனே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன், விடிந்துவிட்டது.

முதல் நன்றி அஸ்தம்பட்டி அண்ணனுக்கு. எங்களுக்கு வந்த ஜேசன் கோப்பு ஒன்றில் ஒரே பொருளுக்கு 'விலை' இரண்டு தடவை இருந்தது. ஒரு நிரல் முதல் விலையை எடுத்தது, இன்னொன்று கடைசி விலையை எடுத்தது, எது சரி என்று கேட்டு உங்களிடம் வந்து நின்றேன். "ஆர்எஃப்சி 8259ஐப் படி, அப்புறம் நீயே ஒரு பார்சர் எழுதிப் பாரு" என்று, ஜேசனின் விதிகளைச் சொல்லும் அந்த ஆவணத்தைக் காட்டி அனுப்பிவிட்டீர்கள். அப்போது கோபம்தான் வந்தது அண்ணா. இரண்டு முறை படித்தும் எதுவும் மனசில் நிற்கவில்லை. அந்த இடத்துக்கு நிரல் எழுத உட்கார்ந்த அன்றுதான் புரிந்தது: 'விலை' போன்ற பெயர்கள் ஒரே பொருளுக்குள் திரும்ப வரக்கூடாது என்று அது பரிந்துரைக்கத்தான் செய்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் இரண்டு நிரலிலும் தப்பில்லை, கோப்பைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

அடுத்து, ஐந்து ரோட்டில் தட்டுவடை செட்டு சாப்பிட்டுக்கொண்டே 'சேலம்' என்று கொடுத்துப் பார்க்கச் சொன்ன தோழிக்கு. ஊர்ப் பெயரில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். கண்ணுக்கு மூன்று எழுத்து, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஐந்து குறியீடு, அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். எழுத்துக்குப் பதில் பைட்டை எண்ணியதால், பிழை எந்த இடத்தில் என்று என் பார்சர் காட்டிய எண் பன்னிரண்டு தள்ளிப் போய் நின்றது! நீ கேட்காமல் இருந்திருந்தால் ஆங்கிலத்திலேயே சோதித்துவிட்டு முடிந்தது என்று விட்டிருப்பேன்.

ஏற்காட்டு அத்தைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவன் ஊரைக்கூடச் சுற்றிப் பார்க்காமல் இரண்டு நாளும் திண்ணையில் லேப்டாப்போடு கிடந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள், காபி மட்டும் வந்துகொண்டே இருந்தது. மூடாத சதுர அடைப்பை, அதாவது [ குறியை, ஒரு லட்சம் தடவை அடுக்கிக் கொடுத்து நிரல் பொத்தென்று விழுந்ததும் அங்கேதான். எத்தனை அடுக்கு வரை போகலாம் என்று நாமே எல்லை வைத்துக்கொள்ள அதே ஆர்எஃப்சியில் இடம் இருக்கிறது. அந்த ஒரு வரியை அதுவரை சும்மா தாண்டிப் போயிருக்கிறேன்.

அண்ணா, ஒன்று பாக்கி. 9007199254740993 என்ற எண்ணைக் கொடுத்தால் கடைசி இலக்கம் மாறி 9007199254740992 என்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா?