மூன்று விசில்

வீரவநல்லூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே ரெண்டு பேரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நீ பேசும்போது பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. மூன்று விசில். லீவாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். லீவாகத்தான் இருக்கும் என்றாள். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. காலேஜில் லைப்ரரியனாகச் சேரும்போது அவர்கள் வாங்கி வைத்துக்கொண்ட ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் உன் கைக்கு வந்துவிட்டதா? வராவிட்டால் முதலில் அதை வாங்கு. லைப்ரரி சயன்ஸ் எம்.லிப். பட்டமும், காலேஜ் வேலைக்கான நெட் பரீட்சை சர்டிபிகேட்டும் ரொம்ப முக்கியம். முதல் தடவையிலேயே நீ நெட் பாஸ் பண்ணியதை நம் தெருவில் நான் சொல்லாத வீடு கிடையாது. யூஜிசி கணக்குப்படி காலேஜ் லைப்ரரியனுக்கும் உதவிப் பேராசிரியருக்கும் ஆரம்பச் சம்பளம் ஒன்றுதான், 57,700. உனக்கு அதில் பாதி உண்டா? அந்தச் சவத்தை விடு. காலேஜுக்குத் தரம் போடும் நாக் கமிட்டி வருகிறது என்று ராத்திரி எட்டு மணி வரை ஃபைல் போட வைத்தார்கள். மே மாதம் வாத்தியார்களுக்கெல்லாம் லீவு, உன்னை மட்டும் அட்மிஷன் நோட்டீஸ் கொடுக்க ஊர் ஊராக அனுப்பினார்கள். எல்லாம் தெரியும். ஆனாலும் உனக்கும் பொறுமை கொஞ்சம் குறைச்சல், பெரியத்தை மாதிரி. எதைச் செய்தாலும் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு செய்.

ரங்கநாதன் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 1924-ல் மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் லைப்ரரியனாகச் சேர்ந்தார், வேலை ஓடவில்லை, பிறகு லண்டன் போய்ப் பார்த்துவிட்டு வந்து இந்தத் துறைக்கே தகப்பன் ஆனார் என்று. நடுவில் ஒன்றை எப்போதும் விழுங்கிவிடுவேன். பிரசிடென்சி காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கவே திரும்பிப் போகிறேன் என்று அவர் போய் நின்றார். லண்டன் போய்விட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பழைய வேலை உனக்குத்தான் என்று அவருக்குச் சொன்னார்கள். அதைச் சொன்னால் நீயும் திரும்பிப் போகக் கேட்பாய் என்று பயம். கெமிஸ்ட்ரி படிக்கிறேன் என்றவளை லைப்ரரி சயன்ஸில் சேர்த்தவன் நான்தானே.

என் லைப்ரரி வேலையில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்துத்தான் நீயும் சரி என்றாய். ஸ்கூல் விட்டு வந்து என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, பழைய தாளெல்லாம் தேதி ஸ்டாம்பைக் குத்துவாய். விரலெல்லாம் ஊதா மையாக வீட்டுக்கு வருவாய்.

உனக்குக் காது குத்திய வருஷம் ஸ்டாக் எடுத்தபோது 41 புத்தகம் குறைந்தது. என் சம்பளத்தில் பிடித்தார்கள். அம்மா வளையல் அடகுக்குப் போனது அதற்குத்தான், ஆச்சி வைத்தியத்துக்கு இல்லை. அதற்குப் பிறகு விலை கூடின புத்தகத்தையெல்லாம் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அந்த பீரோவுக்கு மேலேதான் 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்று ரங்கநாதனின் முதல் விதியைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தோம்.

முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவன் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகம் கேட்டு நாலு நாள் வந்தான். வெளியே போயிருக்கிறது என்றேன். புத்தகம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நாலாம் நாள் கண்ணாடி வழியாக அவன் அதைப் பார்த்துவிட்டான். என்னையும் பார்த்தான். சண்டை போட்டிருக்கலாம். "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் அவன் லைப்ரரிப் பக்கமே வரவில்லை. நீ "சரிப்பா" என்று போனை வைக்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான் வருகிறது.

இதை அம்மாவிடம்கூட நான் சொன்னது கிடையாது.

சர்டிபிகேட்டை மறந்துவிடாதே. தர இழுத்தடித்தால் எழுதிக் கேள், நகல் வைத்துக்கொள்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். பார்சலைக் காலேஜ் விலாசத்துக்கு அனுப்பவா, வீட்டு விலாசத்துக்கு அனுப்பவா என்று ஒரு வரி எழுது.

அப்பா