அச்சில் ஒட்டிக்கொண்ட இரண்டு கோடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போடாதீர்கள், விண்டோஸை விட்டு இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றுங்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைக் கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தவன் நான். நல்ல கட்டுரை, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் அச்சான மூன்று கட்டளைகளில் ஒன்றுகூட வேலை செய்யாது. மூன்றையும் அடித்துப் பார்த்து இரண்டு நாள் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், வாடகை ஒப்பந்தம், கலெக்டர் ஆபீஸுக்கு மனு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எது வந்தாலும் சரி. கடைக் கம்ப்யூட்டருக்குப் பத்து வயதுக்கு மேல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, அதாவது தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால், தெருவில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில். விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு என்னுடையதில் இல்லை. அப்போது தள்ளிப் போட்ட வேலையைத்தான் உங்கள் கட்டுரை வந்த பிறகு கையில் எடுத்தேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04 ஏற்றியதில் ஒரு சிக்கலும் இல்லை. மனு அடிக்க வேண்டிய இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ்தான் வரவில்லை.

கட்டுரை சொன்னபடி லிப்ரே ஆபீஸ் தளத்திலிருந்து இறக்கினேன், அவிழ்த்தேன். உள்ளே டஜன் கணக்கில் டெப் கோப்புகள், அதாவது உபுண்டுவில் மென்பொருளை நிறுவும் கோப்புகள். அவை எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுவத்தான் முதல் கட்டளை. அதன் தொடக்கத்தில், நிர்வாகி உரிமையோடு செய் என்று சொல்லும் 'சூடோ' (sudo) என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். லினக்ஸுக்குப் பெரிய எஸ் வேறு, சின்ன எஸ் வேறு. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லிவிட்டது. அதைத் திருத்தினால் அடுத்தது, கோப்பே இல்லை என்றது. 'எல்லாம்' என்பதைக் குறிக்க டெப்புக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். அடிக்குறிப்பு என்று நினைத்தார்களோ என்னவோ, உங்கள் பக்கத்தில் அதை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

இதுவரை பாதகமில்லை. நட்சத்திரத்தைப் போட்டு அடித்ததும் வேறொரு நிரல் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது, இப்போது முடியாது என்று வந்தது. உபுண்டு தன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பின்னணியில் தானே போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, கொஞ்சம் பொறுத்திருந்தால் தானாக விலகியிருக்கும். இந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு; அது எப்போதுமே தவறு என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கிறது. நான் அழிக்கவில்லை, அதைவிடப் பெரிய காரியம் செய்தேன். காசிமேட்டிலிருந்து மனு அடிக்க வந்த ஒரு அம்மா எதிரில் உட்கார்ந்திருக்க, பத்து நிமிடம் பார்த்துவிட்டு சுவிட்சை அணைத்துவிட்டேன். புதுப்பிப்பு பாதியில் அறுந்தது. மறுபடி போட்டால், நிறுவல் இடையில் நின்றுவிட்டது, முதலில் அதைச் சரிசெய் என்று ஒரே பாட்டு.

அதற்கும் உங்கள் கட்டுரையில் மருந்து இருந்தது, உடைந்ததைச் சரிசெய்யும் கட்டளை. அதில் ஒட்டி ஒட்டி இரண்டு சின்னக் கோடுகள் வர வேண்டும், அச்சில் இரண்டும் சேர்ந்து ஒரே நீளக் கோடாகிவிட்டன. நானும் பார்த்தது பார்த்தபடி ஒற்றைக் கோடாகவே அடித்தேன், ஒரு தடவையா இரண்டு தடவையா, ராத்திரி பத்து மணி வரை. மூன்றாவது கட்டளையிலும் இதே கோடு, இதே கதை. அந்த அம்மா மறுநாளும் வந்து திரும்பிப் போனார்.

கடைசியில் அக்கா பையன் வந்தான். கொடுங்கையூரில் இருக்கிறான், பாலிடெக்னிக் படிக்கிறான், அவன் அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருந்தது, அதில் நோண்டிப் பழகியவன். (பாஸ் நம் சென்னையில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில் உருவானதுதான், கட்டுரையில் அதற்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.) "மாமா, நீங்க பேப்பரைப் பார்த்து அடிக்கிறீங்க, திரையைப் படிக்கவே இல்ல" என்றான். உண்மைதான். நிறுவல் நின்றுவிட்டது என்ற செய்தியிலேயே, சரிசெய்ய எந்தக் கட்டளை அடிக்க வேண்டும் என்று முழுசாக எழுதியிருந்தது, இரண்டு கோடும் இரண்டாகவே. அடித்தான், அறுந்தது ஒட்டிக்கொண்டது. அப்புறம் இறக்கி வைத்த அத்தனை டெப் கோப்புகளையும் குப்பையில் தள்ளிவிட்டு, உபுண்டுவின் சொந்த மென்பொருள் கிடங்கிலிருந்தே ஒரே வரியில் லிப்ரே ஆபீஸை வரவழைத்தான். தமிழ் மெனுவுக்கு இன்னொரு சின்ன வரி. அவ்வளவுதான் வேலை. உபுண்டு ஏற்றும்போதே விரிவான தேர்வு என்பதைத் தொட்டிருந்தால் ஆபீஸ் அதிலேயே வந்திருக்குமாம். விண்டோஸ் பழக்கத்தில் தளத்துக்குப் போய் இறக்கச் சொன்னதுதான் கட்டுரையின் முதல் கோளாறு என்பேன். மிகப் புதிய பதிப்புதான் வேண்டும் என்பவருக்கு அது சரி. வாடகை ஒப்பந்தம் அடிப்பவனுக்கு எதற்கு?

உங்கள் ஆட்களைக் குறை சொல்லவில்லை. நானும் டி.டி.பி. வேலையில் பழுத்தவன், இது எங்கே நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. எழுதியவர் சரியாகத்தான் அனுப்பியிருப்பார். வேர்டு மாதிரி ஒரு மென்பொருளில் திரும்ப அடிக்கும்போது ஆட்டோ கரெக்ட் புகுந்து, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, இரண்டு கோட்டை ஒன்றாக்கி விட்டிருக்கும். இனிக் கட்டளை வந்தால் அதை மட்டும் டைப்ரைட்டர் எழுத்துருவில் தனி வரியில் போட்டு, ஆட்டோ கரெக்ட்டை அணைத்துவிட்டு, அச்சுக்குப் போகும் முன் ஒருவர் அப்படியே ஒரு தடவை அடித்துப் பார்த்தால் போதும். வரும் ஞாயிறே ஒரு திருத்தம் போடுங்கள். என்னைப் போல் சுவரில் ஒட்டி வைத்தவர்கள் இன்னும் இருப்பார்கள்.

சரியான மூன்று கட்டளைகளையும் தனித் தாளில் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையால் எழுதக் காரணம், இந்தக் கடிதத்தை அடித்ததும் புதிதாக வந்த லிப்ரே ஆபீஸில்தான், அதிலும் 'சூடோ' என்று ஆரம்பித்த உடனே எஸ் பெரிதாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு டைப்பிங் கடைக்காரர்
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21