அந்த நீலக் கட்டம் போட்ட லுங்கி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டியிருக்கும் குப்பத்து மக்களுக்கு வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் கடலிலிருந்து இழுத்து வந்தீர்களே ஒரு பையன், அவனுடைய அப்பா எழுதுகிறேன். பெயர் சொன்னால் தெரியாது. கரையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஆள் என்றால் தெரிந்துவிடும்.

என் மகனுக்கு 14 வயது. நீச்சல் குளத்தில் மெடல் வாங்கியவன். அந்தத் தைரியத்தில்தான் அவனை இறங்கவிட்டேன், தப்பு முழுக்க என்னுடையது. இரண்டு பக்கமும் அலை நுரைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் கறுத்த நிறத்தில் அமைதியாகக் கிடந்தது. "அங்கே போய்க் குளிடா" என்று கையைக் காட்டியதே நான்தான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, தலை சின்னதாகிவிட்டது.

படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த மூன்று தம்பிகளுக்கு முதல் நன்றி. நான் கத்துவதற்கு முன்பே ஒருவர் எழுந்துவிட்டார். வலைக்குக் கட்டும் வெள்ளை கேன் ஒன்றை இடுப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டு பாய்ந்தார், மற்ற இருவரும் பின்னால் போனார்கள். கேனைப் பையன் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கரைக்கு வராமல், பக்கவாட்டில் வடக்குப் பக்கமாக நீந்தினார்கள். "நேரா வாங்க, நேரா வாங்க" என்று நான் அலறியது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அலை உடைகிற இடம் வந்ததும் அந்த அலையே நான்கு பேரையும் கரையில் தள்ளியது.

அப்புறம் ஒரு பெரியவர் என்னைத் திட்டினார். ஐயா, அந்தத் திட்டுக்கும் நன்றி. "அலை அடிக்கிற எடத்துல பயம் கம்மி தம்பி. கம்முனு கெடக்குது பாரு, அதான் இழுப்பு. நாங்க படகு தள்ற வழி அது." அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமே, அந்த வழியில்தான் என் பையனை இறக்கியிருக்கிறேன். அது ஆளைக் கீழே அமுக்காதாம், வெளியேதான் கொண்டுபோகுமாம். எதிர்த்து நீந்திக் களைத்துப்போகிறவன்தான் முழுகுகிறான். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்தால் இழுப்பைத் தாண்டிவிடலாம். இருபது வருடமாக இந்தக் கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிறேன். அங்கே நிற்கும் ஷ்மிட் மண்டபத்தின் முன்னால் எத்தனையோ படம் எடுத்திருக்கிறோம். 1930இல் இதே கடலில் முழுகியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது அது என்பதைப் போன வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

வாடகை பேசாமல் வண்டியைக் கிளப்பிய ஆட்டோ அண்ணனுக்கும், நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சு திணறலாம் என்று சொல்லி ராத்திரி முழுக்கக் கண் வைத்திருந்த நர்ஸ் அம்மாவுக்கும் நன்றி. செல்போனில் வீடியோ எடுத்தவர்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, நடுங்கிக்கொண்டிருந்த பையனுக்கு வீட்டுக்காரர் லுங்கியைப் போர்த்திவிட்ட அக்கா! பணத்தை நீட்டியபோது, "காசு வேணாம், வாரா வாரம் எங்கிட்ட மீன் வாங்கு" என்றீர்கள். வாங்குகிறோம். சங்கராவுக்கு ஐந்து ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன் என்கிறீர்கள், சரி, பரவாயில்லை. லுங்கியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். இரண்டு ஞாயிறும் எடுத்துவர மறந்துவிட்டேன். இந்த வாரம் பையனே கொண்டுவந்து கொடுப்பான்.